ஒன்பது மில்லிமீட்டர்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் சார். பரவாயில்லை, நான் எதற்கும் குறை சொல்கிற ஆள் இல்லை.

கணபதி ஏரியாவில் வெங்கடபதி முதலாளியின் பட்டறையில் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். வளைத்த தகடுகளை வெல்டிங் செய்தால் சூட்டில் கோணிக்கொள்ளும். எவ்வளவு கோணும் என்பதை என் கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணக்கிடும். தொண்ணூற்றேழில் இது இங்கே யாருக்குப் புரியும்? பஸ் கதவுக்கு இரண்டு நாள் ஓடி ஒன்பது மில்லிமீட்டர் கோணும் என்றது. வெல்டர் வெள்ளியங்கிரி செய்த கதவில் அரை மில்லிமீட்டர் கோணல்கூட இல்லை. முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏனுங்க சென்னகேசவன், பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அப்பவும் கணக்கு ஒத்து வல்லீன்னா, பொட்டியையும் உங்களையும் சேத்தி அனுப்பிப்போடுவேனுங்க."

ஒரு வாரம் வெள்ளியங்கிரியைக் கவனித்தேன். எட்டாவது தாண்டாத மனிதர். வெல்டிங்குக்கு முன் தகட்டை, வளைக்கும் பிரஸ்ஸுக்குள் வைத்து, வலது உள்ளங்கையால் கோணும் திசைக்கு எதிர்ப்பக்கமாக ஓர் அழுத்து அழுத்துவார். பிறகு சூடு அதை நேராக்கிவிடும். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று கேட்டேன்.

"அது கைக்குத் தெரியுமுங்க" என்றார்.

இதைத்தான் இந்த ஊர் அறிவு என்று கும்பிடுகிறது.

என் கணக்கில் பிழை இல்லை. அதில் சேராத ஒன்று குறுக்கே வந்தது, அவ்வளவுதான். அந்தப் பிரஸ்ஸோ பிரேக் தேய்ந்த பழையது. லேசாக அசைந்தாலும் மேல்பாகம் சரிந்து விழும்; அதைத் தடுப்பது ஓர் இரும்புப் பின். செவ்வாய்க்கிழமை எல்லோரும் டீ குடிக்கப் போனபோது அதை உருவிவிட்டேன். திரும்பி வந்த வெள்ளியங்கிரி வழக்கம்போலக் கையை உள்ளே விட்டார்.

அவரை ஏற்றிய வேன் தெருமுனை திரும்பும் முன்பே, அடுத்த கதவை அவருடைய உதவியாள் கதிர்வேலுவிடம் கொடுத்து வெல்டிங் செய்யச் சொன்னேன். அவனுக்கு அந்த அழுத்து தெரியாது. செய்து முடித்தான். அளந்தேன். சரியாக ஒன்பது. முதலாளி அன்று சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் போனேன், மரியாதைக்கு. வெள்ளியங்கிரியின் மனைவி மயிலாத்தாள் எழுந்து நின்று எனக்கு ஸ்டூலைக் கொடுத்தாள்.

"ஏனுங்க, தகரம் கோணறதை முன்னாடியே சொல்ற பொட்டியாமா. இதை மட்டும் சொல்லலீங்களா?"

"அதுக்குத் தகடு மட்டும்தான் தெரியும் அம்மணி" என்று பொறுமையாக விளக்கினேன். அவளுக்கு விளங்கவில்லை.

அந்த இரும்புப் பின் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தில் என்னைக் கொடூரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். கணக்கைக் கெடுத்தது வலது கைதான். இடது கையை அவருக்கே விட்டுவிட்டேன்.