எல்லைக்கல்லுக்கு ஒரு மாலை

மீனம்மா: நெசமாவா? மேசன் சின்னத்தம்பி செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட்டாரா?

பவுலின்: கும்பிட்டதோட நின்னாரா... மம்பட்டியத் தூக்கிக்கிட்டுப் போயே போய்ட்டாருக்கா. “முனியாண்டி சாமி வந்து உக்காந்துருச்சு, இனி இந்த மரத்துல கத்தி வைக்க மாட்டேன்”னுட்டாரு.

மீனம்மா: ஒன் மகன் என்ன சொல்றான்?

பவுலின்: ஜெரோஷனா? காலையிலருந்து கத்துறான். மரத்தடியில சர்வேயர் நட்ட எல்லைக்கல்லு ஒரே ராத்திரியில எப்புடி சாமியாகும்னு. மஞ்சளு, குங்குமம், செவ்வந்தி மாலை...

மீனம்மா: மாலை அழகாத்தான் இருக்கு.

பவுலின்: சிரிக்காதீங்க. அவனுக்கு ஒங்க மேலதான் சந்தேகம்.

மீனம்மா: பின்ன? கல்லுக்கு அந்தப் பக்கம் மாதாவக் கும்பிடுற வேதக்காரங்க நீங்க. இந்தப் பக்கம் நான்.

பவுலின்: மதிலு வேணாம்னு எவ்வளவோ சொன்னேன்... தனி வீடுன்னா மதிலு இருக்கணுமாம். அதுக்கு வாதாங்கொட்டை தர்ற இந்தக் கொட்டம்பா மரம் எடைஞ்சலாம்.

மீனம்மா: தோட்டத்து லயத்துல இருந்தப்ப ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவருதான் நமக்கு. நீ இருமினா நான் சுடுதண்ணி வச்சேன்.

பவுலின்: ம்...

மீனம்மா: மதிலு வந்திருந்தா இந்தத் தேத்தண்ணிய நீ வீசித்தான் குடுக்கணும்.

பவுலின்: சும்மா இருங்கக்கா, உள்ளுக்குள்ள இருக்கான்.

மீனம்மா: எம் மக லோஜினி போன்ல சொன்னாளே... கேம்பஸ்ல இந்த மரத்துக்கு என்னமோ பேரு...

பவுலின்: டெர்மினாலியா. ரோமாபுரியில அந்தக் காலத்துல அதே பேருல ஒரு திருநாளு. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க எல்லைக்கல்லுக்கு மாலை போட்டு, பலகாரம் வச்சு, ஒன்னா சாப்புடுவாங்களாம்.

மீனம்மா: ஒங்க போப்பாண்டவர் ஊர்லயா?

பவுலின்: ஏசு பொறக்கறதுக்கும் முந்திக்கா.

மீனம்மா: எம் மக சொன்னத என்னைய விட நீ நல்லா ஞாபகம் வச்சிருக்க.

பவுலின்: ...தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

மீனம்மா: ஜெரோஷன் சித்த முன்ன எங்கிட்ட வந்தான். “பெரியம்மா, நீங்களா செஞ்சீங்க?”ன்னு கேட்டான்.

பவுலின்: ஐயோ! என்ன சொன்னீங்க?

மீனம்மா: ஆமா, நாந்தான்னேன். கனவுல வந்து கேட்டுச்சு, வச்சேன்னேன்.

பவுலின்: அக்கா...

மீனம்மா: தலையச் சொறிஞ்சுகிட்டே நின்னான். அப்புறம், “நீங்க வச்ச சாமிய நான் எடுக்கல பெரியம்மா, மரம் நிக்கட்டும், மதிலு வேணாம்”னுட்டான்.

பவுலின்: மாதாவே! என் வாயால நாலு மாசமா சொல்லிக் கேக்காதவன்...

மீனம்மா: ஏன்டி, கண்ணத் தொடைச்சுக்க. அவன் பாத்தா என்னன்னு நெனப்பான்?

பவுலின்: எனக்காக நீங்க எதுக்குக்கா பழியச் சொமக்கணும்? ஒங்களுக்கு... எப்புடித் தெரியும்?

மீனம்மா: முனியாண்டிக்கு முன்னால எவளாவது அந்தோனியார் படம் போட்ட மெழுகுதிரியக் கொளுத்தி வைப்பாளா? விடியமுன்ன அதத் தூக்கி ஒளிச்சுட்டு, எண்ணெ வெளக்கு ஏத்துனவளே நாந்தான்டி.