இருபது விநாடி, கட்டைவிரல் உட்பட

இந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. எங்கள் சுகாதார அலுவலகத்தில் அது பேருக்குத்தான் தொங்கியது. நிதானமாகவே சொல்கிறேன், ஐயா.

கைகழுவக் கற்றுக்கொடுப்பது என் வேலை. மஞ்சள் காமாலை பரவியதும் பள்ளி, ஆலை, அரங்கம் என்று தினமும் ஐந்து இடம். மேடையில் குழாய் ஏது? காற்றிலேயே கழுவிக் காட்டுவேன். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண். மொத்தம் இருபது விநாடி. சரியாகச் செய்தவர்களுக்கு நானே பழம் நறுக்கிக் கையில் கொடுப்பேன். நாள் முழுக்கக் கழுவிக் காட்டுகிறவன், கழிப்பறையிலிருந்து வந்ததும் தனியாக வேறு கழுவ வேண்டுமா? ஊரிலேயே அதிகம் கழுவிய கை என்னுடையதுதான்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி. சிறுநீர் பாலில்லாத தேநீர் நிறத்தில் போனது. இந்த அறிகுறிகளை மேடையில் ஒப்பிக்கிறவனே நான். கண் மஞ்சளாகும் முன்பே நோய் தொற்றும், பிறர் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்பதும் என் பேச்சில் வரும். அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

விடுப்பு எடுத்திருக்கலாம். எடுத்தால் மேடை, அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரனுக்குப் போகும். அவன் கட்டைவிரலை விட்டுவிடுவான். மூன்று முறை திருத்தினேன், சிரிக்கிறான். ஒரு ஊரே கட்டைவிரல் கழுவாமல் திரிவதை எப்படிப் பொறுப்பது? கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எங்கள் வண்டியை ஓட்டுகிறவன் என் மனைவியின் தம்பி. நான்கு வாரம் கழித்து ஒருநாள் வண்டியை ஓரங்கட்டினான்.

"மாமா, நாம போன இடமாப் பார்த்துத்தான் எல்லாரும் படுக்குறாங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. நோய் வரப்போகும் இடத்தை முன்கூட்டியே கண்டுபிடித்துப் போயிருக்கிறேன் அல்லவா? அதே இடங்களுக்கு மறுபடியும் போனோம், இந்த முறை இரண்டு கூடை பழத்தோடு.

மிஞ்சிய பழத்தை அன்றாடம் மனைவிக்குக் கொண்டுபோவேன். அவளுக்கு ஏற்கெனவே ஈரல் கோளாறு. தடுப்பூசிக்கு அலுவலகத்தில் சீட்டு கொடுத்திருந்தார்கள். என் கை இருக்கும்போது ஊசி எதற்கு என்று அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்த முதல் வாரத்தில் ஒருநாள் அவள் எதிரே வந்து நின்றாள்.

"கண்ணாடியைக் கழட்டுங்க. உங்க கண்ணை நான் பார்க்கணும்."

கண்வலி, உனக்கும் ஒட்டிக்கொள்ளும், தள்ளி நில் என்றேன். அவள்மேல் எனக்கு அவ்வளவு அக்கறை. பிறகு பழத்தை நறுக்கி ஊட்டிவிட்டேன்.

பிறகு அவளும் படுத்தாள். நேற்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். மச்சினன் வாசலில் உட்கார்ந்து அழுதான். என்னைத் தொடவிடவில்லை. அதுதான் மனதை உறுத்துகிறது.

எழுதிக்கொள்ளுங்கள். அறுபத்திரண்டு பேருக்கு நோயைக் கொடுத்தது நான். அவளுக்குக் கொடுத்ததும் நான்தான், தெரிந்தேதான். கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் பேனா, அதனால் தொடும் முன் கைகழுவிக்கொள்கிறேன். எழுந்திருக்க வேண்டாம், குழாய் தேவையில்லை. இருபது விநாடிதான். கட்டைவிரலை மட்டும் கவனமாகப் பாருங்கள்.