பேரு வைக்கலாம் போல ஒரு வார்த்த

எக்கா, உங்க போன்ல நெட்டு கெடைக்கா?

இல்ல, யாருக்கும் பேசதுக்கு இல்ல. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பாக்கணும். அங்கன, டிரைவருக்குப் பின்னால பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு இருக்காவல்லா, அவியதான் எங்க வீட்டுக்காரரு. போனு அவிய கையில. முன்னாலெல்லாம் பூராநேரமும் எங்கிட்டதான் கெடக்கும். போன வாரத்துலருந்து பூட்டுப் போட்டுட்டாவ.

எனக்கு அது ஒரு கிறுக்கு, கேட்டீங்களா. எங்க கிராமத்துல பத்தாவதோட நின்னவதான். ஆனா புதுசா ஒரு வார்த்த காதுல விழுந்தா விடமாட்டேன். மைக்க அமுக்கிச் சொன்னா அதுவே அர்த்தம் சொல்லிருமே. ஆஸ்பத்திரி போர்டுல மகப்பேறுன்னு போட்டுருக்கும்லா, அந்தப் பேறுன்னா பெரிய பாக்கியமாம். அன்னைக்குப் பூரா எம்மவள, வாடி எம் பேறேன்னுதான் கூப்ட்டேன். அலர்ஜிக்கு ஒவ்வாமையாம். எனக்கும் எங்க அத்தைக்கும் இருக்கதுக்குப் பேரு இத்தன நாளாத் தெரியாமப் போச்சே!

சிரிக்கீங்க. அந்த அத்தைதான் இப்ப ஒரு சண்டைக்கும் வர மாட்டேங்காவ. அங்கனதான் எனக்குச் சந்தேகமே. காலையில எந்திச்சா மொத டம்ளர் காப்பி எனக்கு. அதுவும் உடன்குடிக் கருப்பட்டி போட்டு. மக வந்தாத்தான் அந்த டப்பாவையே தொறப்பாவ. மகளும் வந்து எறங்கியாச்சு நாங்குநேரியிலருந்து, கோயில் கொடையும் இல்ல கல்யாணமும் இல்ல. நான் அடுக்களைக்குள்ள நொழஞ்சா ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திட்டு வெங்காயத்த எடுக்காவ. உரிக்கதுக்கு முன்னாலயே கண்ணு செவந்து கெடக்கு.

இவிய என்னடான்னா மில்லுலருந்து வரும்போது பூ வாங்கிட்டு வாராவ. கல்யாணம் ஆன புதுசுலகூட வாங்கினதில்ல. வேற எவகூடயும் தொடுப்பு இருக்குமோ, அதான் போனப் பூட்டுதாவளோன்னு நெனச்சேன். ஆனா அதுக்கு அத்தை ஏன் அழணும், சொல்லுங்க?

நாங்களா? பாளையங்கோட்டைக்குப் போறோம், பெரிய டாக்டரப் பாக்க. சும்மா ஒரு டெஸ்டாம். மார்ல சின்னதா ஒரு கட்டி, வேப்பமுத்து கணக்கா. வலியே கெடையாது. போன வாரம் எங்க ஊரு டாக்டரு, நீ பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போம்மான்னு என்ன அனுப்பிட்டு இவியட்ட மட்டும் பேசினாரு. வீட்டு ஆம்பளட்டதான சொல்லுவாவ. நடுவுல ஒரு துணிதான் தொங்குச்சு. ஒரு வார்த்த மட்டும் தெளிவாக் கேட்டுச்சு.

மாலிக்னன்ட்.

அழகா இருக்குல்லா? மாலை மாரி ஆரம்பிக்கு. பொம்பளப் பிள்ளைக்குப் பேரு வைக்கலாம் போல. பக்கத்து வீட்டுப் போன வாங்கி மைக்கக்கூட அமுக்கிட்டேன். சொல்ல வாய் வர மாட்டேன்னுட்டு. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பாக்க எனக்குப் பயமா இருக்கது இதான் மொதத் தடவ.

என்னக்கா, கையப் புடிச்சிட்டீங்க?

உங்களுக்கே தெரியுமா அது?

அப்ப போனு வேண்டாம், உள்ள வைங்க. நீங்களே சொல்லுங்க. பைய. அவிய திரும்பிப் பாக்காவ, மொகத்தக் கொஞ்சம் சிரிச்சாப்புல வச்சுக்கிட்டுச் சொல்லுங்கக்கா.