ஆறாவது செடி

ஒரு பிஸ்கட் போதும், நன்றி. டப்பாவை மூடிவிடுங்கள், நமத்துப்போகும்.

என் பெயர் ஹில்பெர்ட் ஸ்வீர்ஸ். இந்த எம்மன் ஊரில் முப்பது வருடம் பஸ் ஓட்டினேன். இப்போது ஓய்வு. பக்கத்து வீட்டு லுப்பெர்ட்டுக்கும் எனக்கும் ஒரே சுவர். அவன் அந்தப் பக்கம் தும்மினால் நான் இந்தப் பக்கம் ‘நூறு ஆயுசு’ என்பேன். அவனைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

லுப்பெர்ட்டும் அவன் மனைவியும் குளிர்காலத்தில் கேரவனை இழுத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போய்விடுவார்கள். வசந்தத்தில்தான் திரும்புவார்கள். சாவி என்னிடம் இருக்கும். ஜன்னலோரத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், தபாலைப் பொறுக்கி வைக்க வேண்டும், திரைச்சீலையைத் திறந்தே வைக்க வேண்டும். எங்கள் தெருவில் திரையை மூடினால், உள்ளே என்ன நடக்கிறதோ என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் கஞ்சா குடிப்பவன் இல்லை. ஒரு தரம் இளம் வயதில் குடித்துவிட்டு, சித்தி வீட்டு அலமாரியில் தூங்கினேன். அதோடு சரி. எனக்கு எதையாவது வளர்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். தக்காளி வைத்தேன், அழுகியது. மிளகாய் முளைக்கவே இல்லை. என் மனைவி ட்ரைன் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள்.

“இவன் கை பட்டா பிளாஸ்டிக் பூவே வாடிடும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கஞ்சா விதை விற்கும் கடையில் ஒரு பையன் மண்ணே இல்லாத முறையைக் காட்டினான். வேர் நேராகத் தண்ணீரில் தொங்கும். அடியில் சின்ன மோட்டார் காற்றுக் குமிழ்களை விடும். மேலே விளக்கு. மண் இல்லையென்றால் நான் கெடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

சட்டத்தை மதிக்கிறவன் நான். ஐந்து கஞ்சாச் செடி வரை போலீஸ்காரர்கள் நீங்கள் கண்டுகொள்வதில்லை. ஆகவே எனக்கு ஐந்து. ஆனால் யோசித்துப் பாருங்கள், லுப்பெர்ட்டுக்கும் ஐந்து உண்டு. அவன் ஒன்றுகூட வைப்பதில்லை. வருடா வருடம் வீணாகிறது. வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. அதற்காக அவன் பங்கு முழுவதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்று. மொத்தம் ஆறு. அந்த ஆறாவதற்கு லுப்பெர்ட் என்றே பெயர் வைத்தேன்.

ஆறையும் அவன் வீட்டு மாடியில், கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் வைத்தேன். எங்கள் வீட்டில் ட்ரைனின் மூக்கு நாய் மூக்கு.

முதல் முறை வேர்களைப் பார்த்தபோது கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளை வெளேரென்று, கிழவியின் கூந்தல் மாதிரி, குமிழ்களுக்கு நடுவே அசைந்துகொண்டிருந்தன. தினமும் போனேன். கீழே ஜன்னல் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துபோய் ஆர்க்கிட் ஒன்று செத்தது. அதே நிறத்தில் வேறொன்று வாங்கி வைத்துவிட்டேன்.

ஜனவரியில் லுப்பெர்ட் போன் செய்தான்.

“டேய் ஹில்பெர்ட், இவளுக்கு முட்டி வலி தாங்கலைடா. சனிக்கிழமை கெளம்பி வந்துடறோம்.”

செடிகள் பூத்துக்கொண்டிருந்தன. அறுவடைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் வேண்டியிருந்தது.

“வராதே. உன் பாய்லர் போச்சு. வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு. முட்டி வலிக்காரிய அதுல படுக்க வைப்பியா? நான் ஆளைப் பிடிச்சு சரி பண்ணிட்டுச் சொல்றேன்.”

“நீ இல்லாட்டி நான் என்னடா பண்ணுவேன்,” என்றான்.

பாய்லருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வெயில் முட்டிக்கு நல்லதுதானே.

பிறகு பனி பெய்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரு முழுக்க வெள்ளைக் கூரை. நடுவில் லுப்பெர்ட்டின் கூரை மட்டும் சிவப்பாக, குளித்துத் துவட்டிய தலை மாதிரி. அடியில் விளக்கு எரிந்தால் அந்தச் சூட்டில் பனி நிற்காது. அதைக் கடைப் பையன் சொல்லவில்லை. நானும் வெயில் காலத்தில்தான் கேட்டேன்.

அன்றைக்கு ட்ரைனின் பிறந்தநாள். தெருவே எங்கள் கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் வாழ்த்துச் சொல்லி முடித்து, ஆளுக்கொரு துண்டு கேக் வந்ததும், எதிர் வீட்டு யான்டினா எழுந்தாள்.

“லுப்பெர்ட் ஸ்பெயின்ல வெயில் காயறான் சரி. அவன் கூரை எதுக்கு இங்க காயுது?”

எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். தட்டோடு.

“ஹில்பெர்ட், நீதானே உள்ள போயிட்டு வர்றே?”

“நான் முன்கூடம் வரைக்கும்தான். அடுத்தவங்க வீட்டு மாடிக்கு நான் ஏறுறதில்ல,” என்றேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பேச்சை ஓட்ட வேண்டுமே என்று, “கெர்பன்கிட்டயும் ஒரு சாவி இருக்கு இல்ல?” என்றேன். கேள்வியாகத்தான் கேட்டேன்.

கெர்பன் லுப்பெர்ட்டின் மகன். பதினெட்டு வயதில் பூங்காவில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டவன். அப்பனும் மகனும் வருடக்கணக்கில் பேசவில்லை. போன கோடையில், குழந்தை பிறந்த பிறகு, மறுபடி சேர்ந்தார்கள். அந்தச் சாவியை மகனிடம் கொடுத்தபோது அழுததாக லுப்பெர்ட்டே என்னிடம் சொன்னான்.

அன்று சாயங்காலமே விளக்கை அணைத்திருக்கலாம். பரணுக்குப் போனேன். ஆறாவது செடி என் தோள் உயரம் வந்திருந்தது. அணைக்கவில்லை.

யான்டினா உங்களுக்குப் போன் செய்தது வியாழக்கிழமை. நீங்கள் கதவை உடைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, சீல் வைத்தீர்கள். செடிகளைத் திங்கட்கிழமைதான் வண்டியில் ஏற்றினீர்கள். எங்கள் தெரு வீடுகளை வாடகைக்கு விடும் நிறுவனம் அதே வாரம் அவன் வாடகை ஒப்பந்தத்தை ரத்து செய்தது. லுப்பெர்ட் ஸ்பெயினிலிருந்து நிற்காமல் ஓட்டி வந்தான். கேரவனைத் தெருவோரம் நிறுத்தி, அவனும் அவளும் அதிலேயே இருக்கிறார்கள். இரண்டு நாள் சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“அந்தப் பய பாய்லரையும் நாசம் பண்ணியிருக்கான் பாரு,” என்றான் லுப்பெர்ட். “நீ அன்னிக்கே சொன்னே.”

நான் திருத்தவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

நீங்கள் என்னைப் பற்றிக் கேட்டபோது அவன் என்ன சொன்னான் என்று தெரியும். என்னிடமே சொன்னான். “ஹில்பெர்ட்டா? நாங்க டப்பாவத் திறந்து வச்சாலும் ரெண்டாவது பிஸ்கட் எடுக்காத ஆளு. அவன் மாடி ஏறுவானா?” கெர்பன் தான் செய்யவில்லை என்று கேரவன் வாசலில் நின்று சொன்னான். அப்பன் கதவைச் சாத்தினான். குழந்தை கெர்பன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்தது. திரை திறந்துதானே இருக்கும்.

ஏன் என் வீட்டில் வைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். ட்ரைனின் மூக்கு என்று சொன்னேனே. சரி. வாடகை வீட்டில் விளக்குப் போட்டு வளர்த்தால் ஐந்தானாலும் வீடு போய்விடும் என்பது எனக்கு முன்னமே தெரியும். கடையின் சுவரிலேயே ஒட்டியிருந்தது. ட்ரைன் எங்கள் வீட்டை விட்டு எங்கே போவாள்.

இப்போது ஏன் வந்தேன் என்றால், மனசாட்சி. வேறென்ன. சூப் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் உறுத்தத்தான் செய்தது. இருந்தாலும் வரவில்லை. நேற்று எங்கள் ஊர்ப் பத்திரிகை வந்தது. உங்கள் ஆள் ஒருவர் பேட்டி கொடுத்திருக்கிறார். ‘கத்துக்குட்டி வேலை. இலையெல்லாம் மஞ்சள், வேர் அழுகல். ஒன்றுக்கும் உதவாது.’ ட்ரைன் காலைச் சாப்பாட்டில் அதைச் சத்தமாக வாசித்தாள்.

“கெர்பனுக்கு உன்னோட கை போலிருக்கு,” என்றாள்.

ரொட்டியை வைத்துவிட்டு கோட்டை மாட்டிக்கொண்டேன்.

குறித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை நான் கடைசியாகப் பார்த்தபோது ஒரு இலையில்கூட மஞ்சள் இல்லை. மோட்டாரை நிறுத்தியது நீங்கள். குமிழ் நின்றால் வேர் மூச்சடைத்துச் சாகும், நான்கு நாள் இருட்டில் நிறுத்தினால் இலை மஞ்சளாகாமல் என்ன செய்யும். அந்தக் கெர்பனால் ஒரு கள்ளிச்செடியைக்கூட உயிரோடு வைத்திருக்க முடியாது. ஆறையும் வளர்த்தது நான், ஹில்பெர்ட் ஸ்வீர்ஸ், முதல் முயற்சியிலேயே.

லுப்பெர்ட்டுக்கு வீடு திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் எல்லாம் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். பத்திரிகைக்காரர்களிடம் மட்டும் நீங்களே பேசிவிடுங்கள். செடிகள் பச்சையாக இருந்தன என்று முதல் வரியில் வர வேண்டும். வீடு, கெர்பன், மற்றதெல்லாம் அதற்குக் கீழே, இடமிருந்தால்.