கடைசியாகக் கிடைத்த எண்

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிறைவதற்குள் பல் தேய்த்து, முகம் வழித்து, பால் காய்ச்சிவிடலாம். எதிர்க்கடையில் இட்லி. பிறகு ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் பஸ். என் மனைவி செல்வி இறந்த பிறகு பாலை அரை லிட்டராகக் குறைத்தேன். வேறு மாற்றம் எதுவும் இல்லை.

எங்கள் கம்பெனி சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்பக்க சென்சார் செய்கிறது. லாரி ரிவர்ஸ் வரும்போது, இடிக்க இன்னும் எத்தனை மீட்டர் என்று கேபினில் ஸ்கிரீன் காட்டும். சென்சார் சொல்வதை, ஸ்கிரீனை இயக்கும் கணினியின் லினக்ஸ் கர்னலுக்குப் புரியவைக்கும் நிரலை நான் எழுதுகிறேன். அதைச் சோதித்துப் பார்த்தது செல்வி. முழுப்பெயர் ஆரோக்கிய செல்வி.

தூசியில் சென்சார் அவ்வப்போது செத்துப்போகும். உடனே ஸ்கிரீன் வெறுமையாகும், லாரியை நிறுத்தியாக வேண்டும். வெறும் ஸ்கிரீனை எவன் வாங்குவான் என்றார் முதலாளி. நியாயம்தான். முறைப்படி சரிசெய்ய, நிரலை அடியிலிருந்து மாற்றி எழுத வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். நான் இரண்டே வரி எழுதினேன்: சென்சார் பதில் தராவிட்டால், கடைசியாகத் தந்த எண்ணையே காட்டு. ஸ்கிரீன் அதன்பின் வெறுமையானதே இல்லை. தரம் என்று முதலாளி சொல்வது இதைத்தான்.

செல்வி அதைத் திருப்பி அனுப்பினாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டுமே. அதுல என்னங்க மானக்கேடு?" என்றாள். வீட்டில் சோறு போடும்போதும் அதே பேச்சு. "அதுக்குப் பொய் சொல்லப் பழக்கி வுடுறீங்க."

அவள் வரதராஜன்பேட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போன வாரம் அந்த வரிகளைச் சேர்த்துவிட்டேன். பக்கத்தில் 'தற்காலிகம்' என்று குறிப்பும் எழுதினேன். நேர்மையில் குறை வைத்ததில்லை. அவளிடம் சொல்லத்தான் வாய்ப்பு அமையவில்லை.

கான்ட்ராக்டர் ஒருவர் தன் லாரிகளுக்கு வாங்கலாமா என்று பார்க்க வந்த அன்று, லாரிக்குப் பின்னால் யாராவது நிற்க வேண்டியிருந்தது. செல்வி நின்றாள். சென்சார் செத்தால் ஸ்கிரீன் வெறுமையாகும், லாரி நின்றுவிடும் என்று நம்பினாள். பழைய நிரலில் அது உண்மை. அவளுக்கு முதுகுப்புறமும் இருபுறமும் கல் குவியல். லாரி ஓட்டிய சாமிதுரைக்கு மனசில்லை. "கிளீனர் ஒருத்தன் நிக்கட்டும் சார். பாடியத் தட்டிச் சொல்லுவான்" என்றார். கிளீனர் வேண்டாம் என்பதுதான் எங்கள் விளம்பரமே என்று விளக்கினேன்.

கேபினிலிருந்து எண்களைச் சத்தமாகப் படித்தேன். ஐந்து. நான்கு. மூன்று. மறுபடி மூன்று. லாரி நகர்ந்துகொண்டிருந்தது. மூன்று. எனக்குப் புரிந்துவிட்டது. சாமிதுரை என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் கான்ட்ராக்டர். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டிவரும். "மூணு மீட்டர். வரலாம், வரலாம்" என்றேன்.

ஸ்கிரீன் கடைசிவரை மூன்று மீட்டர்தான் காட்டியது. அதற்கு நானே சாட்சி. ஆகவே தப்பு ஓட்டியவர் மேல் என்றாயிற்று. சாமிதுரை உள்ளே இருக்கிறார். கான்ட்ராக்டர் எல்லா லாரிகளுக்கும் வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு வரியை எடுத்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன். எடுத்தால் சோதிக்க வேண்டும். செல்வியின் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

இன்ஜின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்று போலீசில் சொன்னேன். மாதாவைக் கூப்பிட்டாள் என்று மாமியாரிடம் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருந்தது. அவள் உண்மையில் சொன்னது இது:

"என்னங்க, மூணு மீட்டர் இல்லங்க. ஒரு முழந்தான் இருக்கு. நிறுத்தச் சொல்லுங்க."