எலியப் பத்தி மட்டும்

கூண்ட அப்படியே வைங்கம்மா, எனக்கு பதில் சொல்லிட்டு அப்புறம் தூக்குங்க. கோவம்லாம் ஒண்ணுமில்ல. பௌர்ணமிக்கு மலை சுத்துற ஜனங்க பொரி கடலை வாங்குற கடை இது. இங்க வந்து, ஜோதியம்மா, உங்க கடையில எலி இருந்தா உசுரோட புடிச்சிக்கலாமான்னு கேட்டா, எவளுக்குத்தான் சந்தேகம் வராது? கடைக்கு சீல் வெக்க வந்த ஆளுங்களோன்னு நெனச்சேன். கார்டு காட்டினீங்க, சரி. கார்டு யாரு வேணா அடிக்கலாம்.

ஊரே எலிக்கு மருந்து வெக்கிது. நீங்க இன்னாடான்னா மல்லாட்டைய, அதான் உங்க ஊரு வேர்க்கடலைய, வெச்சு புடிச்சு, டெஸ்டுக்குன்னு காதுல இத்துனூண்டு கிள்ளிக்கினு, திரும்ப கொல்லையிலயே உட்டுடுறீங்க. நேத்து சொன்னீங்களே, ஃப்ளூ காய்ச்சல எதுத்து நிக்கிற ஜீனுன்னு. அத இன்னொரு வாட்டி சொல்லுங்க. மெதுவா.

ம். ஒரே நீட்டா இருக்காது, ரயில் பொட்டி மாதிரி துண்டு துண்டா இருக்கும். எல்லாம் சேந்தாத்தான் வேலை செய்யும். லேப்ல வளக்குற எலிங்கள்ல முக்காவாசிக்கு நடுவுல மூணு துண்டு காணோம், அதனால ஃப்ளூ வந்தா தாங்காம செத்துடுது. எங்க ஊரு எலிக்கு அது முழுசா இருக்குதான்னு பாக்குறீங்க. சரிதான?

இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். துண்டு இல்லாம பொறந்து செத்துப்போற குட்டி இருக்குதே, அத தாய் எலி சரியா பாத்துக்கலன்னு சொல்லலாமா? சொல்லக் கூடாதா. தாய் வழியா வர்றதா, தகப்பன் வழியா? ரெண்டு பக்கமுமா. பெத்ததுங்க ரெண்டும் நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நல்லது ஒரு கெட்டது. ரெண்டு கெட்டதும் ஒரே குட்டிக்கு வந்து சேந்துட்டா அவ்ளோதான். நேத்தும் இதான் சொன்னீங்க. மாத்திப் பேசல.

மனுசங்களுக்கு? இதே ஜீன் இல்ல, வேற ஒண்ணு. கம்மிதான், ஆனா உண்டு.

இப்படி சொல்லச் சொல்லி உங்கள யாராவது அனுப்பிச்சாங்களா? ஏன் கேக்குறேன்னா, ஒரு டாக்டர் இதையே சொன்னாரு. இல்ல, உங்களுக்கு அவரத் தெரிஞ்சிருக்காது. என் பொண்ணு தமிழ்செல்வியத் தெரியுமா? தெரியாது. நெசமா?

உள்ள பாத்திரம் தேய்க்கிறாளே, அவதான். தை மாசத்துலேர்ந்து இங்கதான் கீறா. அவளுக்கு ஒரே புள்ள, அப்பத்தான் நடக்க ஆரம்பிச்சான். ஃப்ளூன்னாங்க. கூட இருந்த புள்ளைங்களுக்கெல்லாம் வந்து போச்சு, இவன் மட்டும் எந்திரிக்கல. அப்புறம்தான் ரத்தத்த டெஸ்டு பண்ணி அந்த டாக்டர் சொன்னாரு. மருமவன் இளஞ்செழியன் காதுலயே வாங்கல. டாக்டர் எதையோ மறைக்கிறாரு, நீதான் நேரத்துக்கு தூக்கினு போவலன்னு இவ மேலயே பழி. எனக்கும் எத நம்புறது, யார நம்புறதுன்னு தெரியல. நீங்க எலிக்காக வந்தவங்க, எங்களுக்காகப் பொய் சொல்ல உங்களுக்கு ஒரு அவசியமும் இல்ல. அதான் கேட்டதையே கேட்டேன்.

கூண்டு எத்தினி வேணாலும் வெச்சிக்குங்க. ஞாயித்துக்கெழம சீர் சாமானெல்லாம் திருப்பி எறக்கி வெச்சுட்டுப் போக மருமவன் வண்டி புடிச்சினு வராரு. அன்னிக்கு மட்டும் கொஞ்சம் இங்க இருங்கம்மா. எங்க புள்ளையப் பத்தி ஒரு வார்த்த பேச வேணாம். எலியப் பத்தி மட்டும் சொல்லுங்க, எங்கிட்ட சொன்னா மாதிரியே.