பார்க்க மட்டும்

உங்கள் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, திரையின் ஓரத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் புவான். எடுத்துவிடுவது நல்லது. குறை சொல்லவில்லை. முக்கால்வாசி அலுவலகங்களில் இப்படித்தான். என் தொழில் அது, அதனால் கண் போகிறது.

சிரம்பானில் எனக்கு ஒரு சின்னக் கடை. இணையத்தளங்கள் செய்து கொடுப்பேன். செய்வது சுலபம். அதற்குப் பிறகு யார் உள்ளே வரலாம், யார் எழுதலாம், யார் வெளியிடலாம் என்று பிரித்து வைப்பதில்தான் சிரமம். ஒரு கோயில் தளத்தில் கமிட்டிக்காரர்கள் எல்லோருக்கும் முழு அதிகாரம் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். கொடுத்தேன். அந்த வருஷம் தீமிதிக்கு இரண்டு தேதிகள் வந்தன. அதன் பிறகு, கேட்கிறவருக்கெல்லாம் நான் எதையும் திறந்துவிடுவதில்லை.

ரஹாங்கில் லோகேஸ்வரி அக்கா நடத்தும் பெண்கள் இல்லத்தின் தளத்தையும் நான்தான் கவனித்துக்கொண்டேன். புருஷனிடம் அடிபட்டு ஓடிவரும் பெண்கள் தங்கும் இடம். வாசலில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. தளத்தின் உள்ளே தொண்டர்களுக்கு மட்டும் ஒரு பக்கம் இருக்கும். எந்தப் பெண்ணை எப்போது கிளினிக்குக்கோ கோர்ட்டுக்கோ கூட்டிப் போவது என்று அதில் போடுவார்கள். முன்பு அது திறந்து கிடந்தது. பூட்டியவன் நான். "சீலன் இருக்கிறதால நிம்மதியா தூங்குறேன்லா" என்று அக்கா எல்லோரிடமும் சொல்வார்.

அங்கிருக்கும் பெண்கள் தங்கள் கதையைப் புனைபெயரில் எழுதலாம் என்பது அக்காவின் யோசனை. அவர்கள் எழுதி அனுப்புவார்கள். நான் பார்த்து வெளியிடுவேன். அப்படித்தான் 'தும்பி' என்ற பெயரில் ஒரு கட்டுரை வந்தது.

செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், வரிசையின் கடைசி வீடு. பக்கத்து வீடுகள் காலி. புருஷன் லோரி ஓட்டப் போகும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவான். சில நாள் அன்றே திரும்புவான், சில நாள் திரும்பமாட்டான். குரங்குகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும் தன்னை வேடிக்கை பார்க்கும் என்று எழுதியிருந்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள். பிறகு இந்த வரிகள்:

"அந்தத் தாழ்ப்பாளைக் கதவில் பொருத்திக் கொடுத்தவர் என் கணவரின் அண்ணன். நல்ல மனிதர். நான் கலக்கிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். ஸ்க்ரூவை இறுக்கி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். எதற்கு வெளிப்பக்கம் என்று அவர் கேட்கவே இல்லை."

அந்த அண்ணன் நான்தான். அவள் மாதவி, என் தம்பி வீரமுத்துவின் மனைவி. அவள் அந்த இல்லத்தில் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. தளத்தைப் பார்த்துக்கொள்பவன் நான் என்பது அவளுக்கும் தெரியாது. அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டீர்கள். காற்றில் கதவு அடித்துக்கொள்கிறது என்று முத்து சொன்னான். போட்டேன். தம்பி கேட்டால் செய்வதுதானே.

கட்டுரையை நான் அழிக்கவில்லை. அந்த வரிகளை மட்டும் எடுத்தேன். கதைக்கு அவை தேவையில்லை. மறுநாள் அவள் திரும்பச் சேர்த்திருந்தாள். மறுபடி எடுத்தேன். மறுபடி சேர்த்தாள். அந்த வீட்டில் குரலை உயர்த்தியே அறியாத பெண், ஒரு திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, யாரென்று தெரியாத என்னோடு மல்லுக்கு நின்றாள். நான் அவளுடைய அதிகாரத்தைக் குறைத்தேன். எழுதலாம், அனுப்பலாம். அனுப்பிய பிறகு தொட முடியாது.

அக்கா போன் செய்தார். "சீலன், அந்தப் பொண்ணு எழுதுறதுல யாரோ கை வைக்கிறாங்களாம். அழுவுது."

"சிஸ்டம் கோளாறுக்கா. பார்க்கிறேன்."

"அது போவட்டும். தாழ்ப்பாள் விஷயம் கேசுக்கு முக்கியம்னு வக்கீல் சொல்றாங்க. போட்டவரையும் சாட்சிக்குக் கூப்பிடணுமாம். வர்ற வாரம் வக்கீல்கிட்ட பேரைச் சொல்றேன்னு அது ஒத்துக்கிச்சு."

"நல்லதுக்கா" என்றேன்.

அன்று முழுக்கக் கடையில் வேலை ஓடவில்லை. என்னை உங்களுக்குத் தெரியாது, புவான். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் செயலாளர் நான். துக்க வீடுகளில் முதல் ஆளாய் நின்று காரியம் பார்ப்பவன். கோர்ட்டுக் கூண்டில் நின்று, "ஏன் வெளிப்பக்கம்?" என்று ஒருவர் கேட்க, நான் என்ன சொல்வது? எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒரு கேள்விதான் நின்றது. அடைபட்டிருப்பது எப்படி என்று எனக்கும் அப்போது தெரிந்தது. இதை யாரும் யோசிப்பதில்லை.

தொண்டர் பக்கத்துக்கு ஒரு புதுக் கணக்குத் திறந்தேன். ஷங்கர் என்று பெயர் கொடுத்தேன். அதை முத்துவிடம் கொடுத்தேன்.

"அண்ணே, எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"பார்க்க மட்டும்தான்டா. எதையும் தொடாத."

ஒரு எழுத்தைக்கூட அவனால் மாற்றியிருக்க முடியாது. அந்த அளவுக்குக் கவனமாகத்தான் கொடுத்தேன். பேசிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். புருஷன் பெண்டாட்டிக்குள் பேசினால் தீராதது இல்லை.

அந்தப் பக்கத்தில் நாளைப் பார்த்து, முத்து அவளைக் கிளினிக்கில் வைத்துக் கூட்டிப் போனான். கூட வந்த தொண்டர் மருந்து வாங்க வரிசையில் நின்றிருக்கிறார். "உங்கம்மா விழுந்துட்டாங்க, வா" என்று கையைப் பிடித்தானாம். அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவன் தன் மனைவியைக் காரில் ஏற்றுவதை யார் என்னவென்று கேட்பார்கள்?

அக்கா பதறிப்போய்க் கூப்பிட்டார். "வெளியாள் யாராச்சும் உள்ள பூந்திருக்காங்களா, பாருப்பா." பார்த்தேன். யாரும் இல்லை என்றேன். பிறகு ஷங்கரை நீக்கினேன். நீக்கினாலும் சுவடு கிடக்கும் என்று தெரியாதவன் இல்லை. ஆனாலும் வேண்டாத கணக்கை விட்டுவைப்பது சரியில்லை.

மறுநாள் மத்தியானம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புக்கிட் பெலண்டோக்கில் முத்துவின் வீட்டுக்குப் போனேன். முத்துவின் லோரி இல்லை. லயத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. கதவில் பூட்டு இல்லை, தாழ்ப்பாள் மட்டும்தான் போட்டிருந்தது. அதை ஒரு குழந்தைகூடத் திறந்துவிடும்.

என் மோட்டார் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"மாமா, நீங்களா?" குரல் தரையோடு வந்தது. "கதவத் திறங்க மாமா. எந்திரிக்க முடியல. வயித்துல மிதிச்சிட்டாரு."

நான் கதவுக்குப் பக்கத்தில் குனிந்தேன். "வக்கீல்கிட்ட என் பேரைச் சொல்லிட்டியா?"

தும்பியின் வரிகளை யார் எடுத்தார்கள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். புத்திசாலிப் பெண்.

"இல்ல மாமா" என்றாள். "சொல்லவே மாட்டேன். உங்களை எங்கயும் எழுத மாட்டேன். தண்ணி மட்டுமாச்சும் குடுங்க."

கெஞ்சுகிறவர்கள் எதையும் சொல்வார்கள். வெளியே வந்த பிறகு அதே வாக்கில் நிற்பார்கள் என்று எப்படி நம்புவது? அவள் இரண்டு தடவை அந்த வரிகளைத் திரும்பச் சேர்த்தவள்.

நான் மோட்டாரை ஓட்டவில்லை, ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போனேன். சத்தம் கேட்டால் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்து வருத்தப்படுவாள். கொஞ்ச நேரமாவது நான் வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று தோன்றியது.

அடுத்த லயத்தில் இருக்கும் பஞ்சாலை என்கிற அம்மா ஆடு தேடி வந்தபோதுதான் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். அந்த மத்தியானமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. முத்துவைப் பிடித்துவிட்டீர்கள், எல்லாம் தான்தான் செய்ததாக அவன் சொல்கிறானாம். பாசக்காரன். ஆனால் அது முழு உண்மையில்லை. அவன் பேசுவதற்காகப் போகமாட்டான் என்பது கணக்கைத் திறக்கும்போதே எனக்குத் தெரியும். அவள் செத்துப்போவாள் என்பது கதவுக்கு வெளியே நின்றபோது தெரியும். தெரிந்துதான் வந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றுதான் மனதை அரிக்கிறது. இல்லத்துக்குப் புதிதாக இரண்டு பெண்கள் வந்திருப்பதாகக் கேள்வி. அக்காவுக்குத் தளத்தில் ஒன்றும் தெரியாது, என்னிடம் இப்போது பேசுவதும் இல்லை. நீங்கள் பார்த்தால் சொல்லுங்கள், புவான். அந்தப் பெண்களின் பாதுகாப்பை அனுபவமில்லாதவர்கள் கையில் விடக்கூடாது. நான் வெளியே வரும்வரை யாரையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.